வாசலில் நிற்கும் வாயில்லா விருந்து

தமிழ்ப்பள்ளிக் கட்டுரை ஏடுகளைப் புரட்டுவோர் கண்ணில் ஆண்டு தவறாமல் படும் தலைப்புகளுள் ஒன்று வளர்ப்புப் பிராணி. நாயைப் பற்றியும் பூனையைப் பற்றியும் சிறுவர் எழுதுவர். சில வேளைகளில் நாயாகவே மாறித் தன்கதையும் கூறுவர். அன்போடு வளர்க்கப்பட்ட கதையாகத் தொடங்கும் அத்தன்கதை, முதுமையில் கைவிடப்பட்டுத் தெருவில் அலையும் துயரத்தோடு முடியும். உயிரிரக்கம் என்னும் பண்பு மாணவரிடம் முகிழ்த்துவிட்டது என்று மகிழ்ந்து, ஆசிரியர் சிவப்பு மையால் சரி போடுவார். ஏடு மூடப்படும்.

அந்த முடிவு வெறுங்கற்பனையென்று எவரும் எண்ணிவிட வேண்டா. லயத்தை விட்டு நகரத்து வாடகை வீட்டுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் பலவற்றில் அஃது உண்மையாகவே நிகழ்கிறது. அதை நிகழ்த்துவது குடியிருப்போரின் கல்நெஞ்சு மட்டுமன்று. வாடகை ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை வரியே பெரும்பாலும் அதற்குக் காரணம். ‘வீட்டில் விலங்குகளுக்கு இடமில்லை’ என்பதே அவ்வரி. வளர்க்கும் விலங்குக்கு மட்டுமன்றி, ஓரிரவு தங்க வரும் விலங்குக்கும் அவ்வரியைக் காட்டி வாசலை அடைப்போர் பெருகிவிட்டனர். அறமும் அறிவும் இல்லாத அவ்வரியைத் தமிழ்கூறு நல்லுலகம் இன்னும் எத்தனை காலம் வாய்மூடி ஏற்றுக்கொண்டிருக்கும்?

மலையில் ஒரு குடும்பம்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலை, 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மேட்டுநிலம். அங்கே 1929-இல் ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. சரிவு சரிவாகக் காட்டை அழித்து, கன்று நட்டு, கொழுந்து கிள்ளி, அம்மலைக்கு இன்றுள்ள பச்சைப் போர்வையைப் போர்த்தியவருள் தமிழர் முன்னணியில் நின்றவர். தானா ராத்தா, ரிங்லெட், பிரிஞ்சாங் ஆகிய சிற்றூர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் அவர்களுடைய லயங்கள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன, தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன. இன்று தோட்ட வேலையில் பெரும்பங்கு வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோரிடம் உள்ளது. எனினும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் தமிழ்க் குடும்பங்கள் முற்றும் மறைந்துவிடவில்லை.

அத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். கணவன் தேயிலை ஆலையிலும் மனைவி கொழுந்துக் காட்டிலும் உழைத்து ஓய்வு பெறுகின்றனர். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கின்றனர். பெற்றோர் தானா ராத்தாவில் சிறியதோர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுக்கின்றனர். பத்தாண்டு காலம் லயத்து வாசலில் படுத்து, இரவில் பன்றி இறங்கினால் குரைத்து, விடியுமுன் கொழுந்துக் கூடையோடு புறப்பட்டவளுக்குப் பிரட்டுக்களம் வரை துணை சென்ற நாய்க்கு அங்கே இடமில்லை. அதைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வருகின்றனர். சோறு வைத்த கையைத் தேடி அது பூட்டிய வாசலில் கிடக்கிறது.

கதை அத்தோடு முடிவதில்லை. தீபாவளிக்கு மகள் தலைநகரிலிருந்து வருகிறாள். தன்னோடு வாழும் பூனையைக் கூண்டில் வைத்துக் கொண்டுவருகிறாள். இரண்டே இரவுகள்! ஆயினும், ‘விலங்குக்கு அனுமதி இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே’ என்ற சொல் வருகிறது. வெப்பநிலை பதினைந்து பாகை அளவுக்கு இறங்கும் மலையிரவில் பூனையைக் காரிலே அடைத்து வைப்பதா? பண்டிகைக் கூட்டத்தில் விலங்குக் காப்பகம் தேடி மலையிறங்கி ஓடுவதா? அன்றித் தாய் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொள்வதா? பூனைக்கு அடைத்த கதவு மகளுக்கும் அடைத்த கதவாகிறது. இதனைச் சிறிய செய்தி என்று தள்ளிவிட முடியுமா?

லயத்து வாசலின் வரலாறு

தோட்டத்து மக்களுக்கு இவ்வகைத் தடை புதியதன்று. லயத்தில் வாடகை கிடையாது. ஆனால், வீட்டின்மேல் உரிமையும் கிடையாது. யார் வரலாம், யார் தங்கலாம், எதை வளர்க்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் துரையின் கையில் இருந்தது. தோட்டம் தனியார் நிலம்; அதில் கால் வைக்கும் வெளியார் அத்துமீறியவர் என்று கருதப்பட்ட காலம் அது.

1941-இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது, பள்ளி இருந்தது, மருத்துவம் இருந்தது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு மற்றொன்றும் இருந்தது: உற்றாரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை வேண்டும் என்பதே அது. அப்போராட்டத்தை ஒடுக்கப் படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் பலியாயின.

வீட்டுக்கு விருந்தினர் வருவது எவரும் போடும் பிச்சையன்று, மனிதன் மனிதனாக வாழ்வதன் அடையாளம் என்பதை எழுத்தறியாத தொழிலாளர் அன்றே உணர்ந்திருந்தனர். வீடென்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. அங்கே யாரை வரவேற்பது என்று முடிவு செய்யும் உரிமையும் சேர்ந்ததே வீடு. அந்த உரிமைக்காகக் குண்டடி பட்டோரின் பேரப் பிள்ளைகள், இன்று மாதந்தோறும் வாடகை கொடுத்தும், ஒரு பூனை வந்து தங்குவதற்குத் தலை சொறிந்து நிற்கின்றனர்!

விலங்கு வளர்ப்பதும் தோட்டத்து வாழ்வில் வீண் ஆடம்பரமாக இருந்ததில்லை. பசு பாலைக் கொடுத்தது. சாணம் வீட்டுத் தோட்டத்துக் காய்கறிக்கு உரமாயிற்று. ஆடு அவசரச் செலவுக்கு வங்கியாயிற்று. பூனை அரிசி மூட்டையைக் காத்தது. நாய் வீட்டைக் காத்தது. குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு என்ற கணக்கில் நிலம் ஒதுக்க வேண்டுமெனக் காலனி ஆட்சிக் காலத்துத் தொழிலாளர் சட்டமே விதி வகுத்திருந்தது. அவ்விதி எவ்வளவு செம்மையாக நிறைவேறியது என்பது வேறு வினா. தொழிலாளியின் வாழ்வில் விலங்குக்கும் ஓர் இடம் உண்டு என்பதை வெள்ளைக்காரனின் சட்டம்கூட மறுக்கவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. அவ்வளவுகூட இன்றைய வாடகை ஒப்பந்தத்துக்குத் தெரியவில்லை.

வளர்ப்பது வேறு, வருவது வேறு

மொழி கற்பிப்போரும் கற்போரும் இவ்விடத்தில் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். வளர்த்தல், வைத்திருத்தல், தங்குதல், வருதல் ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு வினைகள். ‘வீட்டில் விலங்கு வளர்க்கலாகாது’ என்று ஒப்பந்தம் கூறுமாயின், அது தடுப்பது வளர்த்தலை. விடுமுறைக்கு வந்த மகளோடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகும் பூனை அவ்வீட்டில் வளர்க்கப்படுவதன்று, வந்துபோவது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவளே அவ்வீட்டில் குடியிருப்பவள் ஆகாதபோது, அவள் பூனை மட்டும் எங்ஙனம் குடியிருப்பதாகும்?

‘எவ்விலங்கும் எக்காரணத்துக்கும் வாசல் கடக்கலாகாது’ என்று வெளிப்படையாக எழுதியிருந்தால், அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவரே. சொன்ன சொல்லைக் காப்பது தமிழர் மரபு. ஆனால், அவ்வாறு எழுதாத இடத்தில் எழுதியதாக ஏற்றிப் பொருள் கொள்வது ஒப்பந்தத்தைப் படிப்பதாகாது, அதை வளைப்பதாகும். மேலும், பெரும்பாலோர் இவ்வொப்பந்தங்களைப் படித்துக் கையெழுத்திடுவதில்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் நீட்டப்படுகிறது, பேனா காட்டப்படுகிறது, கை கையெழுத்திடுகிறது. எல்லார்க்கும் ஒரே அச்சில் வார்த்த தாளில் எவரும் பேசி முடிவு செய்யாத வரி ஒன்று, பின்னர் வேதவாக்காகத் தூக்கிக் காட்டப்படுகிறது.

சட்டம் கூறுவதையும் காண்போம் என்பார்க்கு விடை இதோ. மலேசியாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2015-ஆம் ஆண்டுப் பராமரிப்பு, நிர்வாக விதிகளில் விலங்கு வளர்ப்புப் பற்றித் துணைவிதி ஒன்று உண்டு. அஃது எல்லா விலங்குகளையும் ஒட்டுமொத்தமாக விரட்டச் சொல்லவில்லை. அண்டை வீட்டாருக்குத் தொல்லையோ, அவர்தம் பாதுகாப்புக்கும் நலத்துக்கும் கேடோ விளைக்கக்கூடிய விலங்கையும், மாநில, உள்ளாட்சி விதிகளுக்கு மாறான விலங்கையும் வைத்திருக்கலாகாது என்றே அது கூறுகிறது. கேடு உண்டா என்பதே சட்டம் வைத்த அளவுகோல். வீட்டுக்காரரின் ஒப்பந்தமோ அளவுகோலையே முறித்து எறிந்துவிட்டு, கேடு செய்யும் விலங்கையும் செய்யாத விலங்கையும் ஒரே கயிற்றால் கட்டுகிறது.

வீட்டுக்காரர் கூறும் காரணங்கள்

வீட்டுக்காரரின் பக்கமும் கேட்கப்பட வேண்டும். கடன் வாங்கி வீடு வாங்கி, வாடகையால் தவணை கட்டுவோர் பலர்; அவர்களெல்லாம் செல்வச் சீமான்கள் அல்லர். விலங்கு கதவைப் பிறாண்டும், மெத்தையைக் கிழிக்கும், சிறுநீர் நாற்றம் தரையில் ஊறிவிடும் என்பது அவர்கள் அச்சம். அது பொய்யென்று கூற இயலாது.

ஆனால், அவ்வச்சத்துக்கு ஏற்கெனவே மருந்து உண்டு. இந்நாட்டில் வீடு வாடகைக்கு விடுவோர் இரண்டு மாத வாடகையை வைப்புத் தொகையாக வாங்குவது வழக்கம். மாத வாடகை 800 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 1,600 ரிங்கிட் அவர் கையில் இருக்கிறது. கதவு கெட்டால் அதில் கழிக்கலாம். தரை கெட்டால் அதில் கழிக்கலாம். கிறுக்கும் குழந்தை சுவரைக் கெடுக்கும். புகைப்பவர் திரைச்சீலையைக் கெடுப்பார். அரைகுறையாகப் பழுது பார்ப்பவர் குழாயைக் கெடுப்பார். குழந்தை உள்ளவருக்கு வீடில்லை என்று எந்தப் பண்பாளரும் எழுதுவதில்லை. கெடுத்தால் ஈடு செய்க என்பதே எழுதப்படுகிறது. அதே நீதி பூனைக்குப் பொருந்தாமற் போனது ஏன்? இரண்டு இரவு தங்கும் விலங்கு இருபது ஆண்டுச் சேதம் விளைத்துவிடும் என்று அஞ்சுவது, நிழலைக் கண்டு கதவடைப்பதை ஒக்கும்.

இரண்டாவது காரணம் அண்டை வீட்டார். ஒருவருக்குப் பூனை மயிர் ஒவ்வாமை இருக்கலாம். மற்றொருவர் இரவு வேலை முடிந்து பகலில் உறங்குபவராக இருக்கலாம். இவை நேரிய காரணங்கள். இவற்றைக் கேட்டறிந்து நடப்பதே நல்ல அயலாரின் கடமை. ஓயாது குரைக்கும் நாயை அடுக்குமாடியில் வைத்திருப்பதற்கு எவரும் வழக்காட வேண்டியதில்லை. ஆனால், எங்கோ ஒரு நாய் குரைத்தது என்பதற்காகக் கூண்டுக் கிளிக்கும் தொட்டி மீனுக்கும் தண்டனை விதிப்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது காரணம் சமயம். இதில் மிகுந்த கவனம் வேண்டும். நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவித் தூய்மை செய்ய வேண்டுமென்பது இந்நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி நெறி. முஸ்லிம் வீட்டுக்காரர் ஒருவர் தம் வீட்டில் நாய் வேண்டா என்றால், அது வெறுப்பன்று; வழிபாட்டோடு தொடர்புடைய தூய்மை. பிறர் சமய உணர்வைப் போற்றும் நாட்டில் அவர் சொல் மதிக்கப்பட வேண்டும். வாடகைக்கு வருவோர் அதை முன்கூட்டியே கேட்டறிவதே பண்பு. ஆயினும், அதே நெறியில் பூனை தூய விலங்கு. அது வீட்டுக்குள் நடமாடத் தடையில்லை. ஆகவே, எல்லா விலங்குக்கும் பொதுவாக விதிக்கப்படும் தடைக்குச் சமயத்தைக் கேடயமாகப் பிடிப்பவர் சமயத்தையும் சரியாக அறியாதவரே.

மனிதனுக்கே வீடில்லை என்பாருக்கு

வீட்டுக்காரரைவிடக் கடுமையாகப் பேசுவோர் தமிழருக்குள்ளேயே உளர். ‘இந்தியர் என்றாலே வாடகைக்கு வீடு தர மறுக்கும் விளம்பரங்கள் வெளிவரும் நாட்டில், நாய்க்கும் பூனைக்கும் வழக்காட வந்துவிட்டார்களே!’ என்பது அவர்கள் ஏளனம். கேட்ட அளவில் இது வலிமையான வாதம்போலத் தோன்றும். இன்ன இனத்தாருக்கு மட்டுமே வீடு என்ற விளம்பரங்கள் வந்ததும் வருவதும் உண்மை. அதனால் தலைகுனிந்து திரும்பிய குடும்பங்கள் பல.

மனிதப் பெருமையையும் விலங்கின் நிலையையும் ஒரே தட்டில் வைப்பது இங்கு நோக்கமன்று. மனிதனை இனம் பார்த்து விலக்குவது பெருங்கொடுமை. அதனோடு ஒப்பிட இதில் ஏதுமில்லை. ஆனால், இரண்டு தடைகளையும் எழுதும் மனம் எவ்வாறு இயங்குகிறது என்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வருபவர் வாடகை ஒழுங்காகக் கட்டுவாரா, வீட்டைத் தூய்மையாக வைப்பாரா என்று ஆராயாமல், இன்ன கூட்டத்தார் என்றதும் கதவடைப்பது முதல் தடை. வரும் விலங்கு பழக்கப்பட்டதா, அதைப் பேணுபவர் பொறுப்புடையவரா என்று கேளாமல், விலங்கு என்றதும் கதவடைப்பது இரண்டாம் தடை. நடத்தையை அளக்கும் உழைப்புக்குச் சோம்பி, பெயரைக் கேட்டதும் தீர்ப்புக் கூறும் பழக்கமே இரண்டுக்கும் வேர். அப்பழக்கத்தால் அடிபட்ட சமுதாயம், அதே பழக்கத்தைச் சிறிய இடத்தில் ஏற்றுக்கொண்டு, பெரிய இடத்தில் மட்டும் எதிர்த்தல் எங்ஙனம் பொருந்தும்? ‘நடத்தையைப் பார், பிறகு தீர்ப்புக் கூறு’ என்னும் அறத்தை எங்கும் கேட்பவனுடைய குரலுக்கே எங்கும் மதிப்பு உண்டு.

மேலும், ஓர் அநீதி பெரிதாயிருப்பது மற்றோர் அநீதியைக் கேளாதிருப்பதற்குக் காரணமாகாது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தபோது, ‘மக்கள் வழக்கே மலைபோல் குவிந்திருக்க மாட்டுக்கு என்ன வழக்கு?’ என்று மனுநீதிச் சோழன் கேட்டதாகக் கதை இல்லை. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் கடையெழு வள்ளல்களாகப் பாடநூல் போற்றுகிறது. ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை ஒரே வரிசையில் வைத்து எண்ணியது தொல்காப்பிய மரபியல். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. தொறுப் பூசலில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துப் போரிட்ட கோவிவன் என்னும் நாய்க்கும் அக்கல்லில் உருவமும் பெயரும் உண்டு. நாய்க்குக் கல் நட்டுப் பெயர் பொறித்த இனத்தின் வழிவந்தோர், நாயைப் பூட்டிய வாசலில் விட்டுவிட்டு வருவதைச் ‘சிறிய செய்தி’ என்பரேல், வகுப்பறையில் அப்பழம்பெருமையைக் கூறுவதில் பயன் யாது?

உலகம் நடக்கும் வழி

விலங்குக்கு வாசல் திறந்தால் உலகம் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சுவோர் பிற நாடுகளைக் காண வேண்டும். பிரான்சு நாட்டில் 1970 ஜூலை 9-ஆம் நாள் இயற்றிய சட்டம், குடியிருப்பு வீட்டில் செல்லப் பிராணி வைத்திருப்பதைத் தடுக்கும் ஒப்பந்த வரி செல்லாது என்று கூறியது. விலங்கு சேதமோ தொல்லையோ விளைத்தல் ஆகாது என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்து 2006-ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டமும் அத்தகைய வரியைச் செல்லாததாக்கியது. இங்கிலாந்தில் 2025-இல் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டம், விலங்கு வளர்க்க அனுமதி கேட்கும் குடியிருப்பாளருக்குத் தகுந்த காரணமின்றி மறுக்கலாகாது என்கிறது. கேரள உயர்நீதிமன்றம் 2021-இல், குடியிருப்போர் சங்கங்கள் செல்லப் பிராணிகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் விதிகள் செல்லா என்று தீர்ப்பளித்தது. அண்டை நாடாகிய சிங்கப்பூரில் வீடமைப்புக் கழக அடுக்குமாடி வீடுகளில் பல ஆண்டுகள் பூனைக்குத் தடை இருந்தது. 2024 செப்டம்பரில் அத்தடை நீங்கி, உரிமம் பெற்று வீட்டுக்கு இரண்டு பூனைகள் வளர்க்க வழி பிறந்தது. நெருக்கத்தில் மலேசியாவை விஞ்சிய சிங்கப்பூரால் இயன்றது, மலையும் காற்றும் சூழ்ந்த கேமரனில் இயலாதா?

மலேசியாவில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. அதன்பின் குடியிருப்பு வாடகை பெரும்பாலும் இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டுள்ளது. குடியிருப்பு வாடகைக்கெனத் தனிச்சட்டம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தும் பல ஆண்டுகள் ஆகின்றன. அச்சட்டம் எழுதப்படும்போது இப்பொருளுக்கும் அதில் ஓர் இடம் வேண்டும் என்று கேட்போர் தமிழருள்ளும் இருத்தல் வேண்டும்.

வளர்ப்போரின் கடமை

உரிமை கேட்பவன் கடமையை மறந்தால் அவன் வழக்கு அங்கேயே தோற்கும். விலங்கு வளர்ப்போருள் பொறுப்பற்றோர் பலர் என்பதை மறைப்பதில் பயனில்லை. குட்டியாயிருக்கும்போது கொஞ்சிவிட்டு வளர்ந்ததும் விரட்டுவோர் உளர். நாள் முழுதும் சங்கிலியில் கட்டி மழையிலும் பனியிலும் விட்டுவிடுவோர் உளர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு விலங்கை ஒளித்து வளர்த்து, பிடிபட்டதும் தெருவில் இறக்கிவிடுவோரும் உளர். ஒளித்து வளர்ப்பவர் தமக்குப் பின்னால் நேர்மையோடு கேட்க வருபவரின் வழியையும் அடைக்கிறார். இத்தகையோர் செயலே அவ்வரிக்கு உயிர் கொடுக்கிறது.

2017-இல் நடைமுறைக்கு வந்த 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கை வதைப்போருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. வளர்ப்பவர் தம் விலங்கின் தேவைகளைப் பேண வேண்டுமென்பதும் அதில் கடமையாக உள்ளது. நாய்க்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். வெறிநோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியதும், 2017 முதல் சரவாக்கில் உயிர்களைப் பறித்ததும் மறக்கத்தக்கன அல்ல, தடுப்பூசி வீண்செலவன்று. கேமரன் மலையில் மற்றொரு கடமையும் உண்டு. குனோங் பிரிஞ்சாங்கின் பாசிபடர்ந்த காடு அரிய பறவைகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் உறைவிடம். அவிழ்த்துவிட்ட நாயும் திரியும் பூனையும் அவற்றுக்குக் கூற்றுவனாகும். வீட்டு விலங்கின்மேல் அன்பு கொண்டவர் காட்டு விலங்கின் உயிருக்குப் பகையாதல் கூடாது.

தோட்ட நிருவாகம் கூறும் தடைகளிலும் நியாயம் உண்டு. மாடு இளஞ்செடியை மிதிக்கும். கொட்டில் லயத்தோடு ஒட்டியிருந்தால் ஈயும் நோயும் பெருகும். மருந்து தெளித்த புல்லை மேய்ந்தால் மாட்டுக்கே கேடு. கொட்டிலைத் தள்ளி அமை என்று கூறுவது ஒழுங்கு. அவ்வொழுங்குக்கு எவரும் பணிவர். காரணமே கூறாமல் ‘இல்லை’ என்பது மட்டுமே அதிகாரம்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, வாடகை ஒப்பந்தத்தில் ஒட்டுமொத்தத் தடை நீங்கி, நிபந்தனை வர வேண்டும். எந்த விலங்கு, எத்தனை, தடுப்பூசி உண்டா, சேதத்துக்கு யார் பொறுப்பு என்று தெளிவாக எழுதினால் இருவருக்கும் நன்மை. இரண்டாவதாக, வந்துபோகும் விலங்குக்கு வழி வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்து, உரியவர் உடனிருந்து, சில இரவுகள் தங்கிச் செல்வதைத் தடுக்கலாகாது. மூன்றாவதாக, லயத்தை விட்டு வெளியேறும் குடும்பத்துக்குத் தன் விலங்குக்கு நல்லிடம் தேடக் காலம் தரப்பட வேண்டும். ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்குச் சில வாரங்கள் கொடுப்பதால் தேயிலை கருகிவிடாது. நான்காவதாக, வாடகைக்கு வருவோர் கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் படித்தல் வேண்டும். படிக்க இயலாதவர் படித்தவரைக் கொண்டு கேட்டல் வேண்டும். வேண்டாத வரியை அடித்துத் தரும்படி அடக்கத்தோடு கேட்கும் துணிவும் வேண்டும். ஒப்பந்தம் இருவர் பேசிச் செய்வது. ஒருவர் நீட்ட மற்றவர் வாங்கிக்கொள்வதன்று.

இங்கேதான் தமிழ்ப்பள்ளியின் பங்கு வருகிறது. கடிதம் எழுதுதல் வகுப்பில் மாணவர் எழுதும் கடிதங்கள் பல, எவருக்கும் அனுப்பப்படாத கடிதங்கள். மாற்றாக, ‘தீபாவளிக்கு வரும் அக்காளின் பூனை இரண்டு நாள் தங்க அனுமதி வேண்டி வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுக’ என்று ஓராசிரியர் கேட்கட்டும். காரணம் கூறவும், மறுப்பை முன்னுணர்ந்து விடையளிக்கவும், பொறுப்பை ஏற்கவும், பணிவு குன்றாமல் உரிமை பேசவும் மாணவர் அதில் பயில்வர். தந்தைக்கும் தாய்க்கும் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டும் பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வோர் அடுக்குமாடியிலும் உருவாகுமானால், கல்வி ஏட்டோடு நின்றதாகாது.

வளர்ப்புப் பிராணியின் தன்கதையை மாணவர் இனியும் எழுதுவர். அக்கதையின் இறுதிப் பத்தி தெருவில் முடிவதா, வீட்டு வாசலுக்குள் முடிவதா என்பதை எழுதுகோல் மட்டும் தீர்மானித்துவிட முடியாது. பெரியோர் கையெழுத்திடும் தாளிலும் அது தீர்மானிக்கப்படுகிறது. அந்தத் தாளைத் திருத்தும் கடமை, கட்டுரை ஏட்டைத் திருத்தும் கைகளுக்கும் உண்டு.